பாதி வாளி பச்சைத் தண்ணீர்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் நாச்சியாரின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தவர்கள் மீன்குழம்பைக் குறை சொல்லியிருக்கலாம். தண்ணீரைக் குறை சொன்னவர் ஒருத்தர்கூடக் கிடையாது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த இந்தப் பத்தொன்பது வருஷமும், விடிந்ததும் அவளுக்கு முதல் வேலை, பெரிய அண்டாவில் பதிமுகப் பட்டையைப் போட்டுத் தளதளவென்று கொதிக்க வைப்பதுதான். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தால் போதும், கொதித்ததுதான் என்று இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள்.

அந்தச் சிவப்புதான் அவளைக் கெடுத்தது. சுமை இறக்குகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருவார்கள். சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடிக்க அவர்களுக்கு ஏது நேரம்? பாவம் என்று பாதி வாளி கிணற்றுத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி ஆற்றிவிடுவாள். நிறம் அப்படியே இருக்கும். அடடா, என்ன கெட்டிக்காரத்தனம்!

மழை ஓய்வதற்குள் அந்தச் சந்தில் ஆறு பேருக்கு மஞ்சள்காமாலை. சுமை இறக்கும் செல்வின், மூன்று வேளையும் இவளிடமே சாப்பிட்டவன், ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஆர்யா, ஐஸ்மேல் சந்தேகப்பட்டுப் பக்கத்துச் சர்பத் கடையை மூடச் சொன்னாள். கடைக்காரர் சத்தியநேசன் ஐஸ் பெட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தார். பிறகு ஆர்யா இங்கே வந்தாள்.

"சேச்சி, வெள்ளம் திளப்பிச்சதுதானே?"

"நல்லாக் கொதிச்சதும்மா. அண்டாவைப் பாரு."

பொய்யில்லைதான். ஆர்யா சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். நாச்சியாருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"கொதிச்ச வெள்ளத்துல பச்சவெள்ளம் சேர்க்கக்கூடாதுன்னு. சேர்த்தா கொதிக்க வச்சதே வேஸ்ட், சேச்சி."

நாச்சியாரின் கண் கிணற்று வாளிமேல் போனது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி. நம் கடையையும் மூடிவிடுவார்களே என்ற பயம். இவள் படியிறங்கட்டும், அண்டாவைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவிடலாம் என்று நின்றாள்.

அதற்குள் சத்தியநேசன் கடையைப் பூட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என் ஐஸாலயா நாச்சியாரு செல்வினுக்கு இப்பிடி ஆச்சு? அவன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

கண் கலங்க, ஜக்கிலிருந்து தம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோனார்.

நாச்சியார் பாய்ந்து தட்டிவிட்டாள். சிவப்புத் தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் தெறித்தது.

"குடிக்காதிய அண்ணாச்சி! உங்க ஐஸு இல்ல. நான்தான். கொதிச்சதுல தெனமும் பச்சத்தண்ணி ஊத்துனேன்."

வாசல்வரை போன ஆர்யா திரும்பி வந்தாள். சத்தியநேசன் எழுந்துகொண்டார். திட்டுவார் என்று நாச்சியார் எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை.

"பள்ளிக்கூடம் போறப்ப என் மவ பாட்டில்ல ஊத்திக் குடுப்பியே, அது?"

நாச்சியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்கும் ஆத்தித்தான் அண்ணாச்சி ஊத்துனேன்."