மல்கிரேவ் பிரபு

ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கரம்போர்ட் போட்டிக்கு வருகிறவர்களின் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் நெடுநெடுவென்று வந்து நின்றார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘மல்கிரேவ்’ என்று மட்டும் எழுதினார். எங்கே கையெழுத்துப் போட்டாலும் அப்படித்தானாம்.

“அங்கிள், இது நீங்கள் இருக்கிற இடமெல்லே?”

“ஓம் தம்பி. இங்கிலாந்துப் பிரபுமார் தங்கட பட்டத்தில இருக்கிற ஊர்ப்பேரை மட்டுந்தான் கையெழுத்தாப் போடுவினம். மல்கிரேவ் பிரபு எண்டும் ஒருத்தர் இருந்தவர். அவற்ற பேரைத்தான் எங்கட இடத்துக்கு வச்சதாம். அந்தாள் இந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை. நான் இருவது வருசம் இஞ்ச பஸ் ஓடினனான். பட்டம் ஆருக்குச் சேரவேணும்?”



பின்னேரம் அவர்தான் வென்றார். “பரிசுக்குக் கூப்பிடேக்க ஊரையும் சேர்த்துச் சொல்லும்” என்று காதுக்குள் கேட்டுக்கொண்டார்.

நானோ வானொலியில் வாரந்தோறும் மரண அறிவித்தல் வாசிக்கிறவன். ஊரைச் சேர்த்தால் வாய் தன்பாட்டில் ஓடிவிடும். மைக்கைப் பிடித்து, “யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், மல்கிரேவை வதிவிடமாகவும் கொண்ட…” என்று தொடங்கிவிட்டேன்.

மண்டபமே எழுந்து தலைகுனிந்து நின்றது.

நான் மைக்கைப் பொத்தினேன். அவரோ நடுவழியால் ஆறுதலாக நடந்து வந்தார், இரண்டு பக்கமும் கையசைத்தபடி. “இருங்கோ, கதிரையில இருங்கோ.”

சனம் எதற்கு எழுந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என் தோளில் தட்டினார்.

“வடிவாச் சொன்னீர் தம்பி.”