கரடி முடி பொறுக்குகிறவன்

நார்வேயில் நான் படிக்கும் ஆய்வகத்தில் ஒரு முடி கீழே விழுந்துவிட்டால் எல்லோரும் அசையாமல் நின்றுவிடுவார்கள், யார் செருப்பிலாவது ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்று. கையுறை போட்ட ஒருவர் அதைத் தேடியெடுத்துக் காகித உறையில் வைக்கும்வரை பேச்சே இராது. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. திருத்தணி மலைமேல் காணிக்கை முடியைக் கோணியில் திணித்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் நைனா அங்கேதான் மொட்டை அடிக்கிறார்.

இங்கே விழுவது கரடி முடி. காட்டில் முள்கம்பி கட்டி, நடுவே அழுகிய மீன் சாற்றை ஊற்றிவிட்டு வருவோம். மோப்பம் பிடித்து வரும் கரடி கம்பியைத் தாண்டும்போது நாலைந்து முடி வேரோடு மாட்டிக்கொள்ளும். அந்த வேரில் இருக்கும் மரபணுவைப் படித்தால் அது எந்தக் கரடி, யார் பிள்ளை, எல்லைக்கு அப்பால் ஸ்வீடனிலிருந்து வந்ததா என்பதெல்லாம் தெரியும். சிறுத்துப்போன கூட்டத்துக்குள் வெளியிலிருந்து புது ரத்தம் வருகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. ஆந்திரப் பக்கம் பெண் கொடுத்து, பெண் எடுக்கும் ஊர்க்காரனுக்கு இந்தப் பாடம் சீக்கிரம் புரிந்துவிட்டது.

நைனாவிடம் சொல்வதுதான் முடியாமல் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லீவு நாளில் விளையாட்டாகக் கத்தியைத் தொட்டால்கூடக் கையைத் தட்டிவிடுவார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்று, வீங்கிய காலோடு வந்து படுப்பார். அப்போதும், “முடி என்னோட போவட்டும்டா, நீ படி,” என்பார். அவரிடம் போய், நானும் முடிதான் பொறுக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஏதோ டாக்டர் படிப்பு மாதிரி என்று அவர் நினைத்திருந்தார்.

வீட்டுக்கார அம்மா இங்ரிட் ஒருநாள் என் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டார். மலைக்கோயிலில், பக்தர்கள் சாமிக்குத் தரும் முடியை எடுப்பவர் என்றேன். “பாதிரியாரா?” என்றார் மரியாதையாக. இல்லை, முடி வழிப்பவர் என்றேன். “அப்போ நீயும் அதே தொழில்தான்.” சாதாரணமாகத்தான் சொன்னார். நைனாவிடம் நான் சொல்ல முடியாமல் இருந்தது அதைத்தான்.

மறுநாள் காட்டிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மதியம். கூட்டம் இல்லாத நேரம். நைனாவுக்குக் கம்பியைக் காட்டினேன்.

“இன்னாடா அது?”

“கரடி முடி நைனா. இதத்தான் பொறுக்கிகினு இருக்கேன். என் படிப்பே இதுதான்.”

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பக்கத்தில் பிளேடு மாற்றிக்கொண்டிருந்த ஏழுமலை மாமா எட்டிப் பார்த்தார். “கரடிக்கு மொட்ட போடத்தான் புள்ளய பிளேன் ஏத்துனியா?”

நைனா சிரிக்கவில்லை. “எதுக்குடா அது?” என்று என்னைக் கேட்டார். வேரில் அம்மா, அப்பன் பெயர் எழுதியிருக்கிற மாதிரி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நாள் பூரா நின்னுகினே செய்யணுமா?”

“இல்ல நைனா. பாதி நேரம் குந்திகினுதான்.”

“கால் வீங்குதா?”

“இல்ல.”

“அப்ப செய்யி.” பிறகு மாமாவிடம் திரும்பினார். “கரடியே வேண்டிகினு வந்து எம்புள்ளகிட்ட குடுக்குதுடா.”

அதற்குள் ஒரு குடும்பம் வந்துவிட்டது. போனை அணைக்காமலே கீழே வைத்தார். எனக்கு மண்டபத்தின் கூரை மட்டும் தெரிந்தது. “தலய குனிங்க சாமி, ஆடாதீங்க,” என்று யாரிடமோ சொல்வது கேட்டது. பிர்ச் மரங்களுக்கு நடுவே, கையில் இடுக்கியோடு நின்றிருந்த நான் தலையைக் குனிந்தேன்.