முத்தப்பனின் வலது கால்

முத்தப்பனின் வலது கால் எந்நேரமும் தரையை அமுக்கும். காரில் மட்டுமல்ல, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கொஞ்சம் வேகமாக வந்தாலும் மேசைக்கு அடியில் அந்தக் கால் பிரேக் போடும். காரைக்குடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம்.

"கிளட்ச்சை இப்பிடி வெடுக்குன்னு விடுறீகளே ஆச்சி, குதிரைன்னு நெனச்சீகளா?" என்று என்னைத் திட்டுவார். ரிவர்ஸ் ஒழுங்காக எடுத்துவிட்டால் சட்டைப்பையிலிருந்து ஒரு சீரகமிட்டாய் வரும்.

காரின் எண் 0377. கேட்டு வாங்கியது. இளவயதில் அவரும் ரவிக்குமாரும் ரயிலடிப் பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்திருந்ததற்கு, 377ஆம் சட்டப்பிரிவைச் சொல்லித்தான் போலீஸ்காரர்கள் அடித்தார்கள். வீட்டில் மந்திரித்தார்கள், பெண் பார்த்தார்கள், கடைசியில் வாசலைக் காட்டினார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்றதும் முத்தப்பன் புதுக் கார் வாங்கினார். எண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "அப்ப அது எங்கள ஓட ஓட வெரட்டுச்சு. இப்ப நாங்க அத ஓட்டுறோம்" என்று சிரிப்பார்.

ரவிக்குமார் ஏசி மெக்கானிக். கண்டரமாணிக்கத்துத் தச்சர் வீட்டுப் பிள்ளை. முத்தப்பன் பேசுகிற பேச்சுக்கு ஈடுகட்டுவதற்கென்றே பேசாமல் இருப்பவர். வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் மட்டும் ஏசி கிடையாது.

முத்தப்பனுக்கு ஒரே ஓர் ஆற்றாமை இருந்தது. எங்கள் ஊரில் தைச் செவ்வாயில் கோயில் முன்னால் புள்ளிக்கு ஒரு பானை வைத்துப் பொங்குவோம். கல்யாணமான ஜோடிதான் புள்ளி. தீர்ப்பு வந்த அடுத்த தையிலேயே அவர் பானையோடு வந்து, "நாங்களும் ஒரு புள்ளிதானுங்களே" என்று கேட்டார். பெரியவர்கள் கையை விரித்தார்கள். எவனோ கல்லெறிந்தான். அவர் அசரவில்லை. வருடா வருடம் வந்து கேட்பார். இல்லை என்றதும் வேப்பமரத்தடியில் செங்கல் கூட்டித் தனியாகப் பொங்குவார். ரவிக்குமார் காரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உள்ளேயே இருப்பார்.

இந்தத் தையிலும் முத்தப்பன் செங்கல்லோடு மரத்தடிக்கு நடந்தார். விசாலம் ஆச்சி கூப்பிட்டார். வரிசையில் இடம் ஒதுக்குகிற காரியக்காரரின் மனைவி; டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, முத்தப்பன் புண்ணியத்தில் லைசென்ஸ் வாங்கியவர்.

"அங்குட்டு என்ன தனியா? இங்குட்டு வாங்க. இத்தன வருசமா ஒண்ணா இருக்கீக, நீங்க புள்ளி இல்லாம வேற யாரு புள்ளி?"

காரியக்காரர் தொண்டையைச் செருமினார்.

"செருமாதீக. வீட்டுக்குக் கார நாந்தான் ஓட்டணும். நடந்து வாரீகளா?"

சொல்லிவிட்டுத் தம் அடுப்பைத் தள்ளிப் போட்டார். பக்கத்து அடுப்பு மீனு தள்ளினாள், நான் தள்ளினேன். எல்லாருமே முத்தப்பனிடம் திட்டு வாங்கியவர்கள். வரிசை நகர்ந்து நடுவில் ஓர் அடுப்புக்கு இடம் விழுந்தது.

கார் இன்ஜின் நின்றது. ரவிக்குமார் அடுப்பெரிக்க ஒரு கட்டுப் பனையோலையோடு இறங்கி வந்து முத்தப்பனை ஒட்டி நின்றார். பானை பொங்கியது. எல்லாரும் குலவை போட்டோம். பழக்கதோஷத்தில் முத்தப்பனின் வலது காலைப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, குலவைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.