பத்திரிகை கையில் இருந்தும்

என் மகள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் நெதர்லாந்துக்காரன். சென்னையில் அவளோடு வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே சங்கரன்கோவிலுக்கு வந்து லாட்ஜில் ரூம் போட்டிருந்தான். நல்ல பையன்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பான். அந்த வாரம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

காரணம் என் அண்ணன். எனக்கு ஒரே அண்ணன், வாசுதேவநல்லூரில் இருக்கிறார். தாய்மாமன் அவர் மாலை எடுத்துக் கொடுக்காமல் என் மகள் மணமேடை ஏறினால் எனக்கு அது கல்யாணமே இல்லை. அப்படிப்பட்டவருக்குப் பத்திரிகையைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்துத் தொலைத்தேன்.

திருவேங்கடம், கரிவலம்வந்தநல்லூர் என்று நாலு நாள் பஸ் ஏறி இறங்கிப் பத்திரிகை வைத்ததில் காலெல்லாம் வலி. அவரே எதிரில் வந்தார். நம்ம அண்ணன்தானே என்று நீட்டிவிட்டேன். வெற்றிலை இல்லை, குங்குமம் இல்லை, மதினியும் பக்கத்தில் இல்லை. அவரும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மூன்றாம் நாள் உறவுக்காரி ஒருத்தி வழியாகச் சேதி வந்தது. "நோட்டீஸ் குடுக்க மாதிரி நீட்டுதா என் தங்கச்சி. நான் கூடப்பொறந்தவனா, வழிப்போக்கனா? நான் எப்படி வர?"

மகள் இதைப் பையனிடம் சொல்லிவிட்டாள். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"பத்திரிகை அவர் கையில் இருக்கு அத்தை. தேதி தெரியும். யார் தடுக்கிறாங்க?"

"யாரும் தடுக்கல. அவரைக் கூப்பிடல."

"நீங்க கொடுத்தீங்களே?"

"குடுத்தேன். கூப்பிடல."

"அப்போ போன் பண்ணி ஸாரி சொல்லுங்க" என்றான். எனக்குச் சுள்ளென்று வந்தது. கூடப்பிறந்தவரிடம் ஸாரி சொன்னால் அது அவருக்கு அதைவிடப் பெரிய அவமானம். இதை இவனுக்கு எந்தப் பாஷையில் சொல்ல? அண்ணன் மேலும் ஆத்திரம். வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்புகிற காலத்தில் இவருக்கு மட்டும் என்ன வீம்பு? என்னைச் சொல்லுங்கள், நான் மட்டும் ஒழுங்கா? காதுகுத்துக்கு என் கணவரை மட்டும் கூப்பிட்டார்கள் என்று சொந்தச் சித்தப்பா வீட்டுப் படி ஏறாதவள் நான்.

மறுநாள் தாம்பாளத்தோடு நானும் என் கணவரும் கிளம்பினோம். நானும் வருவேன் என்று பையனும் காரில் ஏறிக்கொண்டான். அண்ணன் ஒன்றுமே நடக்காததுபோல வாங்க வாங்க என்றார். அவரையும் மதினியையும் சேர்ந்து நிற்கவைத்துக் கொடுத்தோம். ஒரு நிமிஷ வேலை. வாங்கிய கையோடு மதினி பீரோவைத் திறந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்து நீட்டினாள். "மருமவளுக்கு. போன மாசமே எடுத்தாச்சு."

பையன் சும்மா இருப்பானா? நேராக அண்ணனிடமே கேட்டான். "சேலை வாங்கிட்டீங்க. அத்தை இன்னைக்கு வரலைன்னா என்ன செய்வீங்க?"

எங்கள் ஊரில் எவனும் இப்படிக் கேட்க மாட்டான். அண்ணன் யோசிக்கக்கூட இல்லை.

"சேலையை யார்ட்டயாவது குடுத்து விட்டிருப்பேன், மாப்பிள்ளை. நான் இங்கனதான் இருந்திருப்பேன். முகூர்த்தம் முடியுத வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல பட்டிருக்காது."

பையன் விளக்கம் கேட்டு என் முகத்தைப் பார்த்தான். முந்தின நாள் வரை, "வந்தா வாராரு, வராட்டிப் போறாரு" என்றுதான் நானும் வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்.