ஆய்வேடும் ஒரு வேன் ஆட்களும்

என் பேராசிரியரின் அறைக்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளேதான் போக முடியாது. வாசலில் நின்று, "ஒரு நிமிடம் பேசலாமா?" என்று கேட்டால், சிரித்த முகத்தோடு "காலண்டரில் நேரம் கேளுங்கள்" என்பார். நான் அதே வாசலில் நின்று போனை எடுத்து காலண்டரில் அவருக்கு அழைப்பு அனுப்புவேன். அவர் மேஜையில் அது 'டிங்' என்று ஒலிக்கும். இரண்டு பேருக்கும் கேட்கும். அடுத்த வியாழக்கிழமை கிடைக்கும். எங்கள் குமரி மாவட்டத்துத் தக்கலையில் எந்த ஆபீசுக்குப் போனாலும் முகத்துக்கு நேரே நாலு வசவு விழும். வாங்கிக்கொண்டு நின்றால் காரியம் நடக்கும். கனடாவில் வசவும் இல்லை, காரியமும் இல்லை.

நாற்பத்தேழு வயதில் படிக்கப் போகும் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். சாப்ட்வேர் என்ஜினியரிங் முதுகலைக்கு இங்கே இரண்டு வழி. பாடங்களை மட்டும் படித்துத் தேறிப் போவது ஒன்று. பாதிப் பாடம், ஒரு கருத்தரங்கு, அதற்குமேல் ஓர் ஆய்வேடு, கடைசியில் தேர்வாளர்கள் முன்னால் நின்று அதற்காக வாதாடுவது இன்னொன்று. 'ஆய்வேடு' என்றால் என் ஊரான புதுக்கடையில் டாக்டர் பட்டம் என்று நம்பிவிடுவார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாவதை எடுத்தேன். எடுத்த பிறகுதான் விதிமுறையைப் படித்தேன். மாணவன் புதிய அறிவைப் படைத்திருக்க வேண்டுமாம். இத்தனை காலமும் அடுத்தவன் எழுதிய நிரலில் ஓட்டை அடைத்துச் சோறு தின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது?

வேடிக்கை அதோடு முடியவில்லை. என் மனைவி ஷீபா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுடைய வேலை அனுமதி என் படிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. நான் தோற்றால் அவள் வேலையும் போகும், மகளின் பள்ளிக்கூடமும் போகும், மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். "இஞ்ச பாருங்க, தோத்தாலும் பரவாயில்லன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஷீபா. நேர்மையான பெண்.

வாதாடும் நாளை அறிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பொது நிகழ்வு. அனைவரும் வரலாம்.' அதைத் தேங்காய்ப்பட்டணத்து நவாஸிடம் காட்டியது என் தப்பு. இங்கே லாரி ஓட்டுகிறான். பனியிலும் சத்தம் குறையாத தொண்டை.

"ஏலே மக்கா, ஒத்தைக்கா போகப்போற? நாங்க வேன் எடுக்கோம்."

"அது பரீட்சைலே, கல்யாணம் இல்ல."

"கல்யாணத்துக்கு ஆளு வராட்டா பந்திதான் மிச்சம். இது ஒனக்க தலையில்லா போவுது? ஒன்னக் கொல்லதுக்கு அவனுவ நாலு பேரு இருப்பானுவ. நமக்கு ஆளு வேண்டாமா?"

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். நான் முதன்முதல் துபாய்க்குப் போனபோது ஒரு பயணி, ஒரு பெட்டி, இரண்டு வேன். களியக்காவிளை தாண்டுமுன் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஜன்னலோரத்துக்கு மச்சான்மார் இருவர் சண்டை போட்டு, அந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நான் உள்ளே போனதும் அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். நான் கை தூக்கினால் அவர்களும் தூக்குவார்கள். விமானம் கிளம்பாமல் ஒருவரும் வேனில் ஏற மாட்டார்கள்.

இங்கே இப்படிப்பட்ட நிகழ்வுக்கு இரண்டு மாணவர்கள் வருவார்கள், அதிலும் ஒருவர் தூங்குவார். எனக்கோ வேன் நிறைய ஆள். கோட்டுக்குள் பட்டுச்சேலையோடு ஷீபா, அவளோடு வேலை பார்க்கும் நர்சுகள், பிள்ளைகள், முன்வரிசையில் சாயா பிளாஸ்கோடு நவாஸ். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர், இஸ்திரி போட்ட முகம், கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இவர்கள் எங்களுக்கு நெருக்கடி கொடுக்க வந்திருக்கிறார்களா?"

"இல்லை. என்னை வழியனுப்ப வந்திருக்கிறார்கள்."

"எங்கே?"

நான் மடிக்கணினியைத் திறந்தேன். "பேடிக்காத மக்கா, பதிலச் செல்லு!" என்று நவாஸ் முழங்கியதும் தேர்வுக் குழுத் தலைவர் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார். போனார்கள், நடைபாதை வரைக்கும். அந்த அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர்.

நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சோதனைகள் உண்டு; என் ஆய்வு அவற்றில் தறுதலையானவற்றைப் பற்றியது. நிரலில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஆனாலும் சோதனை காலையில் தேறும், மாலையில் தோற்கும். இஸ்திரி முகம் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "கோளாறு நிரலிலா, வேறெங்குமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேறு கணினியில் ஓட்டிப் பார்ப்பேன். இடம் மாறியதும் முடிவு மாறினால், இடத்தையும் சந்தேகப்பட வேண்டும்."

"எந்த இடத்து முடிவை நம்புவீர்கள்?"

"இரண்டையும் எழுதி வைப்பேன்."

"அது பதில் அல்ல," என்றார். ஆனாலும் எதையோ குறித்துக்கொண்டார். இன்னும் என்னென்னவோ கேட்டார். மீன் துண்டு போடுகிறவர்கள்கூட இடையில் கத்தியைக் கழுவுவார்கள், இவர் கழுவவில்லை. பிறகு, முடிவு செய்ய வேண்டும் என்று என்னையும் வெளியே அனுப்பினார்கள்.

உள்ளே போன பயணி திரும்பி வந்ததை எங்கள் ஆட்கள் கண்டதே இல்லை. நவாஸ் பதறினான். "என்னலே, திருப்பி அனுப்பிட்டானுவளா?"

"பேசிட்டிருக்காங்க."

அவ்வளவுதான், எல்லாரும் கண்ணாடிக்குத் திரும்பினார்கள். நானும் அவர்களுக்கு நடுவே மூக்கை அழுத்தி, என் தலைவிதியை வெளியே நின்று பார்த்தேன். உள்ளே இஸ்திரி முகக்காரர் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். ஷீபா என் கோட்டின் கையைப் பிடித்திருந்தாள். கதவு திறந்து பெயர் சொல்லி அழைத்தபோதுதான் விட்டாள்.

தேர்ச்சிதான், பெரிய திருத்தங்களோடு என்றார்கள். அந்தத் திருத்தங்களை நினைத்தால் இப்போதும் அந்த மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை வாயில் வரவில்லை. கை குலுக்கினார், ஐஸில் வைத்த அயலை மீன்.

வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது. தேறிவிட்டேன் என்று சொல்லக் கண்ணாடியைப் பார்த்துக் கை தூக்கினேன். பழக்கதோஷம், அத்தனை பேரும் கை தூக்கி டாட்டா காட்டினார்கள். மகள் துள்ளித் துள்ளிக் காட்டினாள். ஷீபா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே காட்டினாள்.

எங்கே போகிறேன் என்று தெரியாமல் நானும் காட்டினேன்.