மேஸ்திரி எடுத்துக்கொடுத்த வரி

இன்று தொழிற்சாலையில் புது மோட்டாரை இறக்கியவர்கள் ‘ஏலேலோ’ என்று குரல் கொடுத்ததும் பழைய பள்ளி மேடை ஒன்று நினைவுக்கு வந்தது.

ராயபுரத்தில் எனக்கு அப்போது பத்து வயது. துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்லித்தர, டீச்சர் எங்களிடம் இரண்டு கேட்டிருந்தார்: வீட்டார் வேலையில் பாடும் பாட்டு, வேலையிடத்துப் பொருள் ஒன்று. என் அப்பா, நைனா, துறைமுகத்தில் கயிறு இழுத்துச் சரக்கு இறக்குபவர். பள்ளி விழாவில் அவருடைய பித்தளை வேலை டோக்கனோடு மேடையேறினேன். முன்வரிசையில் நைனாவின் மேஸ்திரி. தினமும் யாருக்கு வேலை என்று முடிவு செய்பவர் அவர்தான். அவரைக் கிண்டலடிக்கும் வரி ஒன்று நான் பாட வந்த நைனாவின் பாட்டில் இருந்தது. அவர் இல்லாதபோது மட்டுமே அதைப் பாடுவார்கள்.

பாடிக்கொண்டே வந்தவள், அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். பின்வரிசையில் நைனா ‘வேண்டாம்’ என்று தலையசைத்தார்.

“இன்னா பாப்பா, மறந்துட்டியா?” என்று மேஸ்திரி எழுந்தார். அவரே பாடினார்: “தொப்ப மேஸ்திரி தூங்குறான், ஏலேலோ! துட்ட மட்டும் வாங்குறான், ஏலேலோ!”

யாரும் சிரிக்கவில்லை.

“நானும் கயிறு இஸ்தவன்தான் டீச்சர். அப்போ எங்க மேஸ்திரிய பாடுனோம். எழுதிக்கோங்க.” பிறகு நைனாவைத் திரும்பிப் பார்த்தார். “இப்போ யார பாடிக்கினு கீறாங்கன்னும் தெரியும்.”

அன்றிரவு நைனா சாப்பிடவில்லை.

மறுநாள் மேஸ்திரி முதலில் கூப்பிட்டது நைனாவைத்தான். வேலை தொடங்கியதும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “பாடுப்பா” என்றாராம். நைனாவுக்குக் குரலே எழும்பவில்லையாம்.