‘பட்’ சொல்லாத ரிக்குக்காரர்

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களை ஒட்டச் சொல்லிக்கொடுப்பது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒன்றாகக் கண் சொக்கும் தொழில். செய்தித்தாள் வேலையை விட்டு வந்தபின் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மத்தியான வகுப்பு நடத்துகிறேன். அண்ட், பட், ஆர், ஸோ என்று மனப்பாடம் செய்துவிட்டு, வாய் திறந்ததும் மறந்துபோன உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்காத வண்டி

பழனிசாமிக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டியில் டிரில்லர். முதலாளி வண்டியை விற்றுவிட்டதால் வேலை போயிருந்தது. ஆப்பிரிக்காவில் ரிக்கு வைத்திருக்கும் ஒருவர், வெள்ளிக்கிழமை வீடியோவில் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்து ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பழனிசாமிக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

அவர் எல்லாவற்றையும் ‘அண்ட்’ போட்டே கோப்பார். மண் வந்தது அண்ட் கல் வந்தது அண்ட் டீ குடித்தோம். கீழே கடையிலிருந்து புதுத்துணி வாசனை ஏறிவரும். அந்தப் பேச்சிலேயே நாங்கள் மெல்ல மிதந்துகொண்டிருப்போம். இளம்பிள்ளையிலிருந்து வரும் மலர்விழி வீடியோவில் சேலை விற்பவர். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“அண்ணா பேசறது கம்ப்ரஸர் ஓடற மாதிரியே இருக்குதுங்க சார். நிறுத்தீட்டா முழிச்சுக்குவேன்.”

ஈரம்

‘பட்’ பாடத்தில் வண்டி நின்றது. துளை போட்டோம், பட் தண்ணீர் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். ரிக்கில் யாரும் அதை வாயால் சொல்வதில்லையாம். குழியைச் சுற்றித் தோட்டத்துக் குடும்பமே நிற்கும். தண்ணீர் இல்லாமல் கல்தூள் வெறும் புகையாக வந்தாலும், ஈரம் தெரிகிறது, இன்னும் ஆழத்துக்கு ஒரு ராடு இறக்கிப் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்களாம். இது மாடிதானே, இங்கே ஏது குழி என்றேன்.

“குழி இல்லீங்க சார். வாய் அதேதானுங்களே.”

ஒத்திகை

மலர்விழி அந்த ஆப்பிரிக்கா முதலாளியாக உட்கார்ந்து, தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வாய் என்று அதட்டினார். பழனிசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏற்காட்டு மலை மேகத்துக்குள் பாதி கரைந்திருந்தது. சற்று நேரம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் மலர்விழியிடம், நீங்களாவது சிவப்பு ஆர் நீலம் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன்.

“நான் ஆர் போடமாட்டேனுங்க சார். போட்டா ஒரு சேலைதானுங்க எடுப்பாங்க.”

வெள்ளிக்கிழமை

அழைப்பு வகுப்பு நேரத்திலேயே வந்தது. செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தோம். திரையில் முகத்தைவிட வெயில்தான் அதிகம் தெரிந்தது. துளையிலிருந்து புகை மட்டுமே வந்தால் என்ன செய்வாய் என்று அந்த மனிதர் நிதானமாகக் கேட்டார். பழனிசாமி கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன்.

“வி டிரில் அண்ட் டிரில்” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, கனவில் பேசுகிறவர்போல, “பட் நோ வாட்டர். ஸோ ஸ்டாப்” என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. என்னிடம் இருக்கும் டிரில்லர்கள் எல்லோரும் ஈரம், ஈரம் என்றே ராடு இறக்குகிறார்கள், நிறுத்தச் சொல்லும் ஆளைத்தான் தேடுகிறேன், அடுத்த மாதம் கிளம்பி வா என்றார். அழைப்பு முடிந்ததும் பழனிசாமி படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், கீழ கடையில தோட்டத்துக்காரங்க யாரும் இல்லீங்களே?”

என் வகுப்பில் கற்ற ஆங்கிலத்தில் ஒருவர் முதன்முதலாகச் சொன்னது கெட்ட செய்தி, அதற்குத்தான் வேலையும் கிடைத்தது.